நாற்பத்தோரு காலடி

நேடீனின் பிக்கப் வண்டியில் முன்சீட்டு என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினோரு வருடமாக மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து நரிக்கண் பள்ளத்தாக்குக்குப் போய் வந்ததில் அது என்னுடையதாகிவிட்டது.

யூட்டாவின் தென்கிழக்கு மூலையில் எங்கள் ஊரைச் சுற்றி இப்படிப் பள்ளத்தாக்குகள் எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் காவல் என்று நில அலுவலகம் உள்ளூர் ஆட்களைப் பிடித்து வைத்திருந்தது. சம்பளம் கிடையாது. பாறையடியில் பழைய மக்கள் விட்டுப்போனவை எல்லாம் போன மாதம் இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்துப் படம் எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பங்கில் ஒரு கைத்தடச் சுவர் இருந்தது, காவி நிறத்தில் இருபத்திரண்டு கைகள். கல்லும் மண்ணும் வைத்துப் பூசிய சோளக் குதிர் ஒன்று. பூச்சில் கட்டியவரின் விரல் பதிவுகள் இன்னும் அப்படியே இருந்தன.

நேடீன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். நான் தபால் நிலையக் கவுண்டரில் முப்பது வருடம் நின்றவள். அவள் கணவர் இறந்துவிட்டார். என் கணவன் ரெனோ நகரத்துக்கு வேலை தேடிப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டான். எங்கள் இருவருக்கும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் மாதம். அவள் ரொட்டிக்குள் பச்சை மிளகாய் வைத்து பரீட்டோ சுருட்டிக் கொண்டு வருவாள், நான் பிளாஸ்கில் காபி. குதிருக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அரை மணி நேரம் பேசாமல் இருந்தாலும் ஏன் பேசவில்லை என்று இருவருமே கேட்டதில்லை.

வெளியூர்க்காரர்கள் பாதையை விட்டு இறங்கினால்தான் நான் வாயைத் திறப்பேன். பாதைக்கு வெளியே எல்லாம் மண்தோல். மணலுக்கு மேலே கறுத்து, முண்டும் முடிச்சுமாகப் படர்ந்திருக்கும். தீய்ந்துபோன மண் மாதிரித் தெரியும், ஆனால் உயிருள்ளது. காற்றில் மணல் பறந்துபோகாமல் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பூட்ஸ் மிதித்தால் நொறுங்கிவிடும். பழைய கறுப்புக்குத் திரும்ப ஒரு மனித ஆயுள் பிடிக்கலாம். "கொஞ்சம் பாத்துப் போங்க தங்கம்" என்று கெஞ்சுகிற ரகம் நேடீன். நான் கத்துகிற ரகம். எனக்குப் பயந்து பெரிய பெரிய ஆண்கள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

ஜனவரியில் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் நடக்கக் கூடாது என்றார்கள். காவலுக்கு இருவர் போக வேண்டும் என்பது விதி என்பதால் அலுவலகம் நேடீனோடு வேறொருத்தியை அனுப்பியது. பெயர் பில்லி. கொலராடோ பக்கம் ஆற்றில் படகு ஓட்டி ஆட்களை அழைத்துப் போனவள், போன வருடம்தான் எங்கள் ஊரில் வீடு வாங்கினாள். ஐம்பது வயதிருக்கும். சிரித்தால் பெட்ரோல் பங்கிலிருந்து தேவாலயம் வரை கேட்கும்.

ஏப்ரலில் நான் திரும்பினேன். வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தபோது முன்சீட்டில் பில்லி இருந்தாள்.

"வெர்னா! வாங்க வாங்க. உங்களைப் பத்திக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு" என்றாள். இறங்கவில்லை. "பின்னாடி காலை நீட்டி உக்காந்துக்குங்க, முழங்காலுக்கு நல்லது."

"ஆமாடி, நீட்டிக்கோ" என்றாள் நேடீன்.

தண்ணீர் கேனுக்கும் கயிற்றுச் சுருளுக்கும் நடுவில் காலை நீட்டிக்கொண்டேன். முன்னால் அவர்கள் எதையோ தொடங்கி, பாதியில் விட்டு, இருவரும் சிரித்தார்கள். "அந்த மாடு!" என்று பில்லி சொன்னால் போதும், நேடீன் ஸ்டீயரிங்கில் சாய்ந்து சிரித்தாள். எந்த மாடு என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. பில்லி அவளை "நேடி" என்றாள். பதினோரு வருடத்தில் எனக்கு அப்படிச் சுருக்கத் தோன்றியதே இல்லை.

பள்ளத்தாக்கில் பில்லி வேலையைச் சரியாகச் செய்தாள் என்பதுதான் இன்னும் கசந்தது. எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உடைந்த பானை ஓடு ஒன்று கிடந்தால் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டாள். குறை சொல்ல எதுவும் கிடைக்காதா என்று தேடினேன். அவள் இணையத்தில் படம் போடுவாள் என்பது மட்டும் கிடைத்தது. அதுவும் வானம், காகம், அவளுடைய பழைய தொப்பி, அவ்வளவுதான். இருந்தாலும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வளைவில் பாதை திரும்பும் இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் மேலே பார்த்தார்கள். ஒரு கணம்தான். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நானும் மேலே பார்த்தேன். எப்போதும் இருக்கிற செம்பாறைதான் தெரிந்தது.

அந்த வாரமே காவலர் கூட்டம். அலுவலகத்தின் தொல்லியல் ஆள் லெனோரா ஹொனானி எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயது, ஹோப்பிப் பழங்குடி ஊர்க்காரி. நாங்கள் காவல் காக்கும் குதிர்களைக் கட்டியது அவளுடைய முன்னோர்கள். அவள் அதை அடிக்கடி சொல்வதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பது போல நிற்பாள்.

"பிப்ரவரியில நரிக்கண்ல ஒரு முழுப் பானை கிடைச்சிருக்கு. மூடியோட. பாத்த ரெண்டு பேரும் எதையும் தொடாம, யார்கிட்டயும் சொல்லாம நேரா என்கிட்ட வந்தாங்க. அதுக்கு நன்றி. இடத்தைச் சொல்லப்போறதில்ல, கேக்காதீங்க."

எல்லோரும் நேடீனையும் பில்லியையும் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் பள்ளத்தாக்கு. பதினோரு வருடம், நூற்று முப்பது நடை. நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த மூன்று மாதத்தில் அந்தப் பானை இவர்களுக்குத் தன்னைக் காட்டியிருக்கிறது.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் நேடீனைப் பிடித்தேன்.

"எங்க இருக்கு?"

"வெர்னா..."

"என்கிட்டகூடவா?"

"எழுதி வாங்கியிருக்காங்கடி. மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. இந்த விதியைக் கொண்டு வரணும்னு கூட்டத்துல மேஜையைத் தட்டினது யாரு? நீதானே!"

அது உண்மை. நான்தான் தட்டினேன்.

"சரி, பில்லிக்குத் தெரியலாம். எனக்குத் தெரியக் கூடாது."

"அவ அங்க இருந்தா. நீ இல்ல. அவ்வளவுதான்" என்றாள் நேடீன். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்தில் சண்டை போடும் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள். அதுதான் குத்தியது.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை நான் தனியாகப் போனேன். முழங்காலைப் பழக்கத்தானே போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வளைவு வந்ததும் நின்று அவர்கள் பார்த்த திசையில் பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்த பிறகு தெரிந்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு திட்டு. திட்டுக்கு அப்பால் பாறைக்குள் ஒரு நிழல், பாதி மூடிய கண்ணிமை போல.

அங்கே போக இரண்டு வழி. ஒன்று, வளைவைத் தாண்டிப் பாறை விளிம்பைப் பற்றி ஏறிப் போவது. அவர்கள் அப்படித்தான் போயிருக்க வேண்டும். முயன்று பார்த்தேன். இரண்டாவது பிடியிலேயே முழங்கால் மறுத்துவிட்டது. இன்னொன்று, இந்தப் பக்கத்துச் சரிவில் ஏறித் திட்டின் குறுக்கே நடப்பது.

சரிவில் ஏறினேன். திட்டு முழுவதும் மண்தோல். ஒரு கீறல் இல்லை. நான் பார்த்ததிலேயே அடர்த்தியான கறுப்பு, கணுக்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கோபுரங்கள். மாடுகூட மிதிக்காத இடம். திரும்பிப் போய்விடத்தான் வேண்டும். அது எனக்குத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? விளிம்பில் நெடுநேரம் நின்றேன். பில்லி அந்த நிழலுக்குள் என்ன பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். அப்போது நேடீனின் முகம் எப்படி இருந்திருக்கும், யாரை முதலில் திரும்பிப் பார்த்திருப்பாள் என்றும் நினைத்தேன்.

பிறகு காலை வைத்தேன்.

நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் கேட்டது. நான் எண்ணினேன், ஏன் எண்ணினேன் என்று தெரியாது. நாற்பத்தொன்று.

பானை அங்கே இருந்தது. ஒரு பூசணிக்காய் அளவு, வெள்ளைமேல் கறுப்புக் கோடுகள், வாயில் வட்டமாகத் தட்டிச் செதுக்கிய ஒரு கல் மூடி. யாரோ மூடிவிட்டு வேறு வேலையாகப் போனது போல இருந்தது. நான் தொடவில்லை. உண்மையைச் சொன்னால் அதை அதிக நேரம் பார்க்கவும் இல்லை. பானைக்கு முன்னால் புழுதியில் நான்கு குழிகள் இருந்தன. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்ட தடம். இரண்டு ஜோடிக்கும் நடுவே ஒரு கை வைக்கக்கூட இடமில்லை. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

திரும்பும்போது என் தடங்களிலேயே கால் வைத்து வந்தேன். ஒரு ஜூனிப்பர் மரக் கிளையை ஒடித்துத் தடத்தைக் கலைக்கப் பார்த்தேன். கறுப்புக்கு நடுவில் வெளிறிய மணல் கோடாக இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கிளையை எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

பாலைவனத்தில் ஒரு தடம் இருந்தால் அடுத்தவன் கால் அதில்தான் போகும். இதைக் காவலுக்கு வருகிற புதியவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஜூன் செவ்வாய்க்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனபோது சரிவிலிருந்து ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு பாதையே விழுந்திருந்தது. நேடீனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எதையோ விழுங்கிவிட்டது போன்ற சத்தம். பில்லி விளிம்பு வழியாக ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சிரிப்பில்லாத அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"பானை இருக்கு. மூடி ரெண்டா உடைஞ்சு கிடக்கு. யாரோ தூக்கிப் பாத்துக் கீழ போட்டிருக்காங்க. பக்கத்துல மிட்டாய்த் தாள்."

லெனோரா எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். என் முறை வந்தது. ஜன்னல் வழியாக வெளியே வண்டியில் சாய்ந்து நின்ற நேடீனும் பில்லியும் தெரிந்தார்கள். பில்லி அவள் தோளில் கை வைத்திருந்தாள்.

"யாருக்காவது இடம் தெரிஞ்சிருக்க வாய்ப்பிருக்கா?" என்றாள் லெனோரா.

"எனக்கே சொல்லலையே" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பில்லிக்குப் படம் போடுற பழக்கம் உண்டு. வேணும்னு செஞ்சிருப்பான்னு சொல்லல. பின்னாடி ஏதாவது பாறை தெரிஞ்சிருக்கலாம். ஊர்க்காரி இல்ல பாருங்க."

லெனோரா எழுதிக்கொண்டாள். விசாரிக்கும்வரை பில்லி காவலுக்கு வர வேண்டாம் என்று கடிதம் போனது. ஜூலை செவ்வாய்க்கிழமை நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நேடீன் வழி முழுக்க பில்லியைப் பற்றியே பேசினாள். பில்லி தூங்குவதில்லையாம், படத்தை எல்லாம் அழித்துவிட்டாளாம், வீட்டை விற்றுவிட்டுப் போகிறேன் என்கிறாளாம். "அவ செய்யலடி. எனக்குத் தெரியும்" என்றாள். பரீட்டோவை என்னிடம் நீட்டியபோதும் அதையே சொன்னாள். பின்சீட்டில் நான் இருந்து அவள் முன்னால் இருந்தபோதுகூட இவ்வளவு இடத்தை பில்லி அடைத்துக்கொண்டதில்லை. அங்கே இல்லாதவளோடு எப்படிப் போட்டி போடுவது?

ஆகஸ்டில் லெனோரா எங்களை உதவிக்கு அழைத்தாள். இணையத்தில் யாரோ பானையின் படத்தையும் வழியையும் போட்டுவிட்டார்கள். இனி அதை அங்கே விட முடியாது. நேடீனும் அவளும் கயிறு கட்டி விளிம்பு வழியாகப் போய்ப் பானையைக் கொண்டு வந்தார்கள். சரிவின் அடியில் இருக்கிற பாறையில் வைத்துப் பஞ்சும் துணியும் சுற்றினார்கள். காய்ந்த ஜூனிப்பர் கிளைகளை இழுத்து அந்தப் பாதையை அடைப்பது என் வேலை.

லெனோரா சுற்றிக்கொண்டே பேசினாள், யாரிடம் என்றில்லாமல்.

"எங்க ஆளுங்ககிட்டயும் மத்த பழங்குடி ஊர்க்காரங்ககிட்டயும் கேட்டுட்டுத்தான் எடுக்கறேன். எங்க அத்தை போன்ல அழுதாங்க. எண்ணூறு வருஷமா மழை எடுக்கல, எலி எடுக்கல, திருடன் எடுக்கல. வெச்சவங்க வெச்ச இடத்துல இருந்துச்சு. கடைசியில எடுத்தது யாருன்னா நான். எங்க வீட்டுப் பொண்ணு."

அவள் அழவில்லை. உடைந்த மூடியின் இரண்டு துண்டுகளையும் தனித்தனித் துணியில் கட்டினாள்.

கிளை என் கையிலிருந்து விழுந்தது.

"நான்தான்" என்றேன். "முதல்ல போனது நான். மே மாசம். மூடியைத் தொடல. ஆனா தடம் என்னுது. நாப்பத்தோரு அடி."

நேடீன் துணியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் என்ன பாத்தீங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு."

"கூட்டத்தன்னைக்கு ஒரு தடவை கேட்டே. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அப்பவும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா கேட்டிருக்கலாம். பில்லியப் பத்தி அப்படிச் சொன்னதும் நீதானா?"

தலையாட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லெனோரா முடிச்சைப் போட்டுப் பானையைப் பெட்டியில் வைத்தாள். "வெர்னா, ஒவ்வொரு கூட்டத்துலயும் 'என் பள்ளத்தாக்கு, என் பள்ளத்தாக்கு'ன்னு சொல்வீங்க. நான் ஒரு தடவைகூடத் திருத்தினதில்ல. அன்பாத்தானே சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க நான் குனிந்தேன்.

"வேண்டாம். நீங்க தொடாதீங்க" என்றாள்.

அவர்கள் இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நான்கு மைலும் நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

பில்லியிடம் நானே சொல்ல வேண்டும் என்று மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து அங்கேயே நின்றாள். உள்ளே அட்டைப் பெட்டிகள் தெரிந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். மண்டியிட்ட தடத்தைப் பற்றியும் சொன்னேன்.

நான் முடித்ததும் சிரித்தாள். அவளுடைய வழக்கமான சிரிப்பு இல்லை அது.

"என்மேல பொறாமையா உங்களுக்கு? அந்த மூணு மாசம் நான் என்ன கேட்டேன் தெரியுமா? 'வெர்னா இங்கதான் வழுக்கி விழுந்தா. வெர்னா இந்தப் பாம்போட பேசினா. இந்தப் பாறை வெர்னாவோடது, நீ அங்க உக்காரு.' உங்க முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே உங்களை எனக்குப் பிடிக்காமப் போச்சு. அந்தப் பானையக் கண்டப்போ நேடி முதல்ல என்ன சொன்னா தெரியுமா? 'ஐயோ, வெர்னா இல்லையே'ன்னா. என் பக்கத்துல மண்டி போட்டுக்கிட்டு."

"நானும் பொறாமைப்பட்டேன்" என்றாள் பில்லி. "ஆனா நான் மண்தோலை மிதிக்கல."

கதவை மூடிக்கொண்டாள்.

அலுவலகம் என்னைக் காவலிலிருந்து நீக்கியது. பில்லிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போனது. அவள் ஊரில் தங்கிவிட்டாள். நேடீனும் அவளும் இப்போதும் போகிறார்கள். நேடீன் என்னைக் கடையில் பார்த்தால் முழங்கால் எப்படி என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் வருவதில்லை. ஒரு நாள் வரலாம். பில்லி அவள் பக்கத்தில் நின்றால் இன்னும் எனக்கு அந்தப் பொறாமை எழுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

குளிர்காலம் முழுக்க லெனோராவுக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்காவதுக்குப் பதில் வந்தது. "நடக்க வேண்டாம். நின்னு பேசுங்க." நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலே, கூட்டம் அதிகம் வருகிற வேறொரு பள்ளத்தாக்கின் வாசலில் ஒரு மேஜை. சனி, ஞாயிறு அங்கே நிற்கிறேன்.

போன வாரம் ஒரு இளம் ஜோடி வந்தது. புதுப் பூட்ஸ், புதுப் பை. பாறைமேல் நடங்க, இல்லாவிட்டால் ஓடை மணலில் நடங்க, கறுப்பு மண்ணில் கால் வைக்காதீங்க என்று சொன்னேன். இப்போதெல்லாம் நான் கத்துவதில்லை.

"நீங்க ரொம்ப வருஷமா இங்கயா?" என்றாள் அந்தப் பெண். "முழுசா ஒரு பானை, அந்த மாதிரி எதாவது நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"எங்க?" கண் மின்னியது.

"சொல்ல மாட்டேன்."

"எங்களுக்கு மட்டும்... நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

"தெரியும். இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். தான் பார்க்காததை இவள் பார்த்திருக்கிறாளே என்ற பார்வை. அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இருவரும் இறங்கிப் போனார்கள். முதல் வளைவு வரைக்கும் அவர்கள் கால் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.